இசப்கோல் உமியும் பெருங்குடல் அழற்சியும்

வட குஜராத்தின் மேசானா, பாட்டன், பனஸ்கந்தா மாவட்டங்களில் மாசி மாதம் உழவர்களுக்குக் கவலை மிகுந்த காலமாகும். கார்த்திகையில் விதைத்த இசப்கோல் சுமார் நான்கு மாதங்களில் முழங்கால் உயரச் செடியாக வளர்ந்து, கதிர் முற்றி, அறுவடையை எதிர்நோக்கி நிற்கும். அவ்வேளையில் எதிர்பாராத ஒரு தூறல் விழுந்தாலும் போதும். விதையின் மேலுறை நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகிவிடுகிறது, விதைகள் கதிரினின்று உதிர்ந்துவிடுகின்றன. கனத்த பனி பெய்தாலும் இழப்பு நேர்வதுண்டு. ஆகவேதான் இப்பயிரை ஈரமற்ற, தெளிந்த வானமுள்ள பகுதிகளில் மட்டுமே நம்பிப் பயிரிட முடிகிறது. ஆயினும், உழவரை வருத்தும் இதே பண்புதான் மருத்துவருக்கு வேண்டியதாக இருக்கிறது.

இசப்கோல் என்னும் சொல் பாரசீக மொழியினின்று வந்தது; அதற்குக் குதிரைக் காது என்று பொருள். படகு போன்ற வடிவமுள்ள அச்சிறு விதையைக் கண்டோர் இப்பெயரை இட்டனர் போலும். தாவர நூலார் இச்செடியைப் பிளாண்டகோ ஒவாட்டா என்பர். விதையைத் திரிகைகளில் இட்டு அரைத்து, சலித்து, தூற்றினால் அதன் மேலுறை வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மெல்லிய உமியாகப் பிரிந்து வருகிறது. விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உமி கிடைக்கும். எஞ்சிய பருப்பு கால்நடைத் தீவனமாகிறது. உஞ்சா, சித்பூர் ஆகிய ஊர்களின் ஆலைகளில் இவ்வேலை பெரும் அளவில் நடைபெறுகிறது. உலகச் சந்தைக்கு இசப்கோலை வழங்குவதில் இந்தியாவே முதலிடம் வகிக்கிறது.

மலச்சிக்கலுக்கு இவ்வுமியை உண்பது நம் நாட்டில் வீடுதோறும் அறிந்த வழக்கம். வயிற்றுப்போக்கிற்கும் இதனையே கொடுப்பதுண்டு என்பதைப் பலர் வியப்புடன் கேட்பர். 1868-இல் வெளியான இந்திய மருந்து நூலிலேயே இசப்கோல் இடம்பெற்றது. இந்தியத் தாவர மருந்துகளை முறையாக ஆராய்ந்த ராம்நாத் சோப்ரா, 1933-இல் வெளியிட்ட தமது நூலில் நாட்பட்ட சீதபேதிக்கு இது பயன்படுவதை எடுத்துரைத்து, இதன் செயல் அதன் பசையினால் விளைவதே என்று கருதினார். புண்பட்ட குடலின் மீது பசை படர்ந்து அதனைக் காக்கிறது என்பதே அக்கால விளக்கம். இவ்விளக்கம் எவ்வளவு சரி, எவ்வளவு குறையுடையது என்பதை அண்மை நாற்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி சிறிது சிறிதாக வெளிப்படுத்தியுள்ளது.

நோய் எத்தகையது?

சீதமும் இரத்தமும் கலந்து போகும் நோய் எல்லாம் ஒன்றல்ல. அமீபா என்னும் ஓரணு உயிரியால் வருவது ஒன்று. பாக்டீரியாக்களால் வருவது மற்றொன்று. குடலில் பரவும் காசநோய் வேறொன்று. இவற்றிற்குக் காரணமான கிருமியைக் கொன்றால் நோய் தீரும். ஆனால் கிருமி எதனையும் குற்றவாளியாகச் சுட்டிக்காட்ட இயலாத நாட்பட்ட அழற்சிகள் இரண்டு உள. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், குடலில் வாழும் சாதாரண நுண்ணுயிர்களுக்கு எதிராக ஓயாமல் கொதித்தெழுவதால் இவை விளைகின்றன என்று இன்று கருதப்படுகிறது. பெருங்குடலின் உட்பரப்பில், ஆசனவாயிலிலிருந்து மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் புண் பரவுவது புண்ணுடைய பெருங்குடல் அழற்சி. குடலின் எப்பகுதியிலும் விட்டுவிட்டுத் தோன்றிச் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கி, நாளடைவில் குடலைக் குறுகச் செய்வது கிரோன் நோய். 1932-இல் நியூயார்க் நகரில் கிரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர் இருவரும் இதனை விவரித்து எழுதியதால் இப்பெயர் வந்தது.

இவை மேலை நாட்டு நோய்கள், நம்மவர்க்கு வருவது அரிது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் இன்று நிலைபெறவில்லை. லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் சுமார் 52,000 பேரை நேரில் ஆய்ந்து 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, இலட்சம் பேரில் 44 பேருக்குப் புண்ணுடைய பெருங்குடல் அழற்சி இருந்தது. பெரும்பாலும் இளமையிலோ நடுவயதின் தொடக்கத்திலோ தோன்றி, ஆயுள் முழுதும் தணிவதும் மீண்டும் சீறுவதுமாக இந்நோய் தொடர்கிறது. பல ஆண்டுகள் அடங்காமல் இருந்தால் பெருங்குடற் புற்றுநோய்க்கும் இடமுண்டு. ஆகவே நோயைத் தணிப்பது ஒரு வேலை. தணிந்ததைத் தணிந்தபடியே காப்பது அதனினும் கடினமான மற்றொரு வேலை.

முதல் வேலைக்கு 1955-இல் ஒரு வழி தெளிவாயிற்று. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ட்ரூலவும் விட்ஸும் 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, கார்ட்டிஸோன் இந்நோயின் சீற்றத்தை அடக்குவதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டினர். ஆனால் கார்ட்டிஸோனை ஆண்டுக்கணக்கில் கொடுக்க இயலாது. எலும்பும் இரத்த அழுத்தமும் கெடும். இரண்டாவது வேலைக்கு உதவியது ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நானா ஸ்வார்ட்ஸ் மூட்டுவலிக்கெனக் கொண்டுவந்த ஸல்ஃபாஸலஸீன் என்னும் மருந்து. இம்மருந்தின் வரலாற்றில் நம் பொருளுக்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. விழுங்கிய மருந்து சிறுகுடலைப் பெரும்பாலும் மாறாமல் கடந்து, பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள பாக்டீரியாக்களால் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பிளந்த துண்டுகளுள் எது வேலை செய்கிறது என்பதை 1977-இல் வங்காள தேசத்தவரான அஸாத் கான், ட்ரூலவுடன் சேர்ந்து கண்டறிந்தார். இன்று மெஸலமின் என்னும் பெயரால் நோயாளிகள் நாள்தோறும் உண்பது அத்துண்டையே. நுண்ணுயிர்கள் தொட்ட பின்னரே மருந்தாகும் பொருள் என்பது ஆய்வுக்கூடத்தின் புதுமை அன்று. நாம் உண்ணும் தாவரங்களில் அத்தகைய பொருள்கள் எப்போதும் இருந்து வருகின்றன.

செரியாத சர்க்கரைகள்

சர்க்கரை, மாவுச்சத்து, நார், பிசின், பசை ஆகிய யாவும் வேதியியலார் கணக்கில் கார்போஹைட்ரேட்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறு சர்க்கரை அணுக்கூட்டங்கள் மணிகளாக, அவை கோத்த மாலைகளாக இவற்றைக் கற்பனை செய்யலாம். மணி எது, எவ்விதம் கோக்கப்பட்டது, பக்கக் கிளைகள் உண்டா என்பனவே ஒரு பொருளை அரிசியாகவும் மற்றொன்றை மரமாகவும் ஆக்குகின்றன. மனித உடலின் நொதிகள் மாவுச்சத்தின் கோவையை அறுக்கவல்லவை. வேறு பல கோவைகளை அறுக்கும் கத்தி நம்மிடம் இல்லை. அவை சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்கு வாழும் எண்ணிறந்த பாக்டீரியாக்களிடம் அக்கத்திகள் பலவகையாக உள்ளன. அவை இக்கோவைகளை அறுத்து நொதிக்கச் செய்து, அஸெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் மூன்று சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இவற்றுள் பியூட்டிரிக் அமிலத்தின் சிறப்பை உணர்த்தியவர் ரோடிகர் என்பார். பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களைத் தனியே பிரித்தெடுத்து அவை உட்கொள்ளும் ஆக்ஸிஜனை அளந்து, அதில் 70 சதவீதத்திற்கு மேல் பியூட்டிரேட்டை எரிப்பதற்கே செலவாகக்கூடும் என 1980-இல் காட்டினார். உடலின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் இரத்தம் கொண்டுவரும் உணவால் வாழ, பெருங்குடலின் சுவர் தன் எதிரே கிடக்கும் கழிவினின்று நுண்ணுயிர்கள் ஆக்கித் தரும் உணவையே விரும்பி உண்கிறது! அதே ஆண்டில் அவர் துணிவான ஒரு கேள்வியையும் எழுப்பினார்: பெருங்குடல் அழற்சி என்பது இவ்வுயிரணுக்கள் பட்டினி கிடப்பதால் வரும் நோயோ?

பட்டினிதான் காரணமெனில் உணவூட்டினால் நோய் தீர வேண்டும். அறுவை சிகிச்சையினால் மலம் செல்லாது ஒதுக்கப்பட்ட குடற்பகுதி அழற்சியுறுவது உண்டு. அத்தகையோர் நால்வருக்கு இவ்வமிலங்களின் கரைசலைக் குடலினுள் செலுத்தியபோது சில வாரங்களில் புண் ஆறியது என 1989-இல் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. 1992-இல் ஜெர்மனியில் பத்துப் பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பியூட்டிரேட்டு பீச்சியதிலும் பயன் தென்பட்டது. ஆனால் 1997-இல் 103 பேரை வைத்து நடத்திய பெருஞ்சோதனையில், போலிக் கரைசலைவிட இது மேலானது என்பது உறுதிப்படவில்லை. சில நோயாளிகளிடம் காணும் பயன் பலரிடம் சோதிக்கையில் மங்கிவிடுவது மருத்துவத்தில் அடிக்கடி நிகழ்வது. இக்கட்டுரையிலேயே இதனை மீண்டும் காண்போம்.

ஸ்பெயின் தேசத்துச் சோதனை

அமிலத்தைப் பீச்சுவதைவிட, அதனை உண்டாக்கும் தாவரப் பொருளை வாய்வழியே நாள்தோறும் கொடுத்தால் என்ன என்பது அடுத்த எண்ணம். ஸ்வீடனில் ஹாலர்ட் என்பவர் தணிந்த நிலையிலிருந்த 29 நோயாளிகளுக்கு இசப்கோல் உமி கொடுத்து, வயிற்று உபாதைகள் குறைவதை 1991-இல் குறித்திருந்தார். ஆனால் நோய் மீளாமல் தடுக்க இயலுமா என்ற நேரான கேள்வியைக் கேட்டவர்கள் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள். அவர்கள் 1999-இல் வெளியிட்ட சோதனையே இத்துறையில் இன்றளவும் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது.

நோய் தணிந்திருந்த 105 பேரை அவர்கள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு இசப்கோல் விதை நாளொன்றுக்கு இருவேளை 10 கிராம் வீதம் மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு மெஸலமின் மூன்று வேளை 500 மில்லிகிராம் வீதம் மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். ஓராண்டு கழித்துக் கணக்கிட்டபோது, இசப்கோல் மட்டும் உண்ட 35 பேரில் 14 பேருக்கும், மெஸலமின் மட்டும் உண்ட 37 பேரில் 13 பேருக்கும், இரண்டையும் உண்ட 30 பேரில் 9 பேருக்கும் சிகிச்சை பயனற்றுப் போயிருந்தது. நூற்றுக்கு 40, 35, 30 என்று இதனைக் கொள்ளலாம். இசப்கோல் உண்டோரின் மலத்தில் பியூட்டிரேட்டின் அளவும் கூடியிருந்தது.

இவ்வெண்களை எடுத்துக்கொண்டு, மாத்திரைக்கு நிகர் இசப்கோல் என்று முழங்குவோர் உளர். அது தவறு. முப்பது முப்பத்தைந்து பேர் கொண்ட பிரிவுகளில் வேற்றுமை காணப்படவில்லை என்பதற்கு, வேற்றுமை இல்லை என்பது பொருளன்று. காணத்தக்க அளவு ஆட்கள் இல்லை என்பதே பொருள். போலி மருந்து உண்ட பிரிவு ஒன்றும் இச்சோதனையில் இல்லை. மேலும் மெஸலமினை நாளொன்றுக்கு ஒன்றரை கிராமே கொடுத்தனர். இன்றைய வழக்கில் தணிவைக் காப்பதற்குப் பெரும்பாலும் 2 கிராமோ அதற்கு மேலோ கொடுக்கிறார்கள். எனினும் இச்சோதனையை ஒதுக்கிவிடவும் இயலாது. உழவன் வயலில் விளையும் ஒரு விதை, எழுதிக்கொடுக்கும் மருந்தின் அருகில் நிறுத்தி ஓராண்டுக் காலம் அளக்கப்பட்டு, நகைப்பிற்கிடமாகாமல் நின்றது. அவ்விதை நம் நாட்டுப் பயிர். அளந்தவர்களோ ஸ்பெயின் நாட்டவர். இப்பயிரின் பெரும்பங்கை விளைவிக்கும் நாட்டில், லூதியானாவிலும் டெல்லியிலும் வேலூரிலும் நோயாளிகள் வரிசையாக நிற்கும் நாட்டில், இதனைப் பன்மடங்கு பெரிதாக நடத்தியிருக்கலாமே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பசை செய்யும் வேலை

இனி ஒரு புதிரைக் கவனிப்போம். இசப்கோல் உமியின் பசையைப் பிரித்தாராய்ந்த அமெரிக்க வேதியியலார், அதன் பெரும்பகுதி அராபினோஸைலான் என்னும் கார்போஹைட்ரேட்டு என்று கண்டனர். ஸைலோஸ் மணிகளால் ஆன நீண்ட முதுகெலும்பும், அதிலிருந்து நெருக்கமாகக் கிளைக்கும் ஸைலோஸ், அராபினோஸ் பக்கக் கிளைகளும் உடையது அது. பசையாகும் பகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு ஸைலோஸும் 23 பங்கு அராபினோஸும் உள்ளன. கோதுமைத் தவிட்டிலும் அராபினோஸைலான் உண்டு. ஆனால் இவ்வளவு அடர்ந்த கிளைகள் அதற்கு இல்லை. கிளைகளின் இந்நெரிசலால் பாக்டீரியாக்களின் கத்திகள் உள்ளே புக முடிவதில்லை. ஆகவே பசையின் பெரும்பகுதி நொதிக்காமல், நீரைப் பிடித்துக்கொண்டு குடலின் கடைசி வரை சென்று வெளியேறுகிறது. இசப்கோல் உண்டவரின் மலத்திலேயே அப்பசையை மீட்டெடுத்துக் காட்டினர். கெட்டிப்பட்ட மலத்தை இளக்குவதும், நீர்த்த மலத்தைத் திரட்டுவதுமாகிய இரு முரணான வேலைகளை ஒரே பொருள் செய்வதன் இரகசியம் இதுவே. மற்றப் பல நார்ப்பொருள்கள் உண்டாக்கும் அளவு வாயுத் தொல்லையை இது உண்டாக்காததற்கும் இதுவே காரணம்.

பசை நொதிப்பதில்லை எனில் ஸ்பெயினில் கண்ட பியூட்டிரேட்டு எங்கிருந்து வந்தது? அங்கே கொடுத்தது உமி அன்று, விதை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். விதையிலும் உமியிலும் நொதிக்கவல்ல சிறு பகுதிகளும் உள்ளன. அவை ஓரளவு விடை தரும். ஆனால் பியூட்டிரேட்டே முழு விடையன்று என்பதை 2023-இல் அட்லாண்டா நகரின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் எலிகளில் காட்டினர். இசப்கோல் கலந்த உணவு, செயற்கையாக உண்டாக்கிய பெருங்குடல் அழற்சியினின்று எலிகளைக் காத்தது. நொதித்தல் அதற்குத் தேவைப்படவில்லை. பித்த அமிலங்கள் உடலில் மிகுவதும், அவற்றை உணரும் ஒரு புரதம் கிளர்ச்சியுற்று அழற்சியை அடக்குவதுமே அவர்கள் கண்ட வழி. அவ்வுணர்வுப் புரதம் இல்லாத எலிகளை இசப்கோல் காக்கவில்லை. எலிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஆயினும், பசை குடலின் மீது படர்ந்து காக்கிறது என்ற பழைய எளிய விளக்கமும், நுண்ணுயிர்களுக்கு உணவாகிக் காக்கிறது என்ற அடுத்த விளக்கமும், தனித்தனியே போதா என்பது இதனால் விளங்குகிறது.

மற்றத் தாவரப் பொருள்கள்

இசப்கோலை மட்டுமே பேசிக்கொண்டிருப்பது முறையன்று. ஸ்வீடனில் ஹாலர்ட் குழுவினர் தணிந்த நிலையிலிருந்த 22 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் ஓட்ஸ் தவிட்டை 12 வாரம் கொடுத்து, மலத்தில் பியூட்டிரேட்டு கூடுவதையும், நோய் சீறாததையும் 2003-இல் தெரிவித்தனர். ஜப்பானில், முளைகட்டிய பார்லியிலிருந்து மதுவடித்த பின் எஞ்சும் சக்கையைப் பக்குவப்படுத்தி நோயாளிகளுக்குக் கொடுத்துள்ளனர். சிறு சோதனைகளே, எனினும் நோய் சீறிய நிலையிலும் சிலருக்குப் பயன் தந்தது.

நமக்கு இன்னும் நெருங்கியது வாழைக்காய். டாக்காவில் ரப்பானி குழுவினர், நாட்பட்ட வயிற்றுப்போக்கால் வாடிய 62 ஆண் குழந்தைகளில் ஒரு பிரிவிற்கு வேகவைத்த வாழைக்காயையும், மற்றொன்றிற்குப் பெக்டின் என்னும் பழப்பசையையும் சோற்றுணவுடன் கொடுத்தனர். நான்காம் நாளில் வாழைக்காய் உண்டவருள் 82 சதவீதமும் பெக்டின் உண்டவருள் 78 சதவீதமும் குணமடைந்திருக்க, வெறும் சோற்றுணவு உண்டவருள் 23 சதவீதமே குணமடைந்தனர். இது 2001-இல் வெளியானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு நீரில் சிறுகுடலில் செரியாத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தபோது போக்கு விரைவில் நின்றதை 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். பெருங்குடலில் உண்டாகும் சிறு அமிலங்கள் உப்பையும் நீரையும் உடன் இழுத்துக்கொண்டு உடலுக்குள் திரும்புவதே இதன் அடிப்படை. இவை அழற்சி நோய்க்கான சோதனைகள் அல்ல என்பதையும் உடனே சொல்லவேண்டும்.

கிரோன் நோயைப் பொறுத்தமட்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் நோக்கினர். குடற்சுவரின் சில உயிரணுக்கள் வாயிற்படிகள் போன்றவை. அவற்றின் வழியே பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. வாழைக்காயினின்றும் பிராக்கோலியினின்றும் எடுத்த கரையும் நார், கிரோன் நோயாளிகளிடம் காணும் ஒருவகை பாக்டீரியா அவ்வழியே நுழைவதைத் தடுத்தது. பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கும் பாலிஸார்பேட்டு என்ற குழம்பாக்கி, மாறாக, நுழைவை மிகுவித்தது. இதுவும் 2010-இல் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கலங்களில் கண்டதே.

இத்தனையும் படித்த வாசகர், நார்ப்பொருள் யாவும் குடலுக்கு நன்மையே என்று முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவைத் தடுக்கும் செய்திகள் மூன்று உண்டு. அவற்றை விளக்காமல் விடுவது வாசகருக்குச் செய்யும் தீங்காகும்.

சிக்கரிக் கிழங்கிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டோஸ் மணிகளாலான கோவைகள் உள்ளன. நன்மை தரும் பாக்டீரியாக்களை இவை வளர்ப்பதால் பெரும் நம்பிக்கை எழுந்தது. 2006-இல் பத்துக் கிரோன் நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனையும் நம்பிக்கை ஊட்டியது. பின்னர் இலண்டனில் 103 நோயாளிகளைக் கொண்டு போலி மருந்துடன் ஒப்பிட்டு நாளொன்றுக்கு 15 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, முடிவை 2011-இல் வெளியிட்டனர். ஃபிரக்டோஸ் கோவை உண்ட 54 பேரில் 12 பேரே தேறினர். போலியை உண்ட 49 பேரில் 19 பேர் தேறினர். வயிற்றுத் தொல்லை தாங்காது இடையில் விலகியவர்களும் முற்பிரிவிலேயே மிகுதி. ஏன் இவ்வாறு என்பதற்கு 2023-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒரு விடை அளித்தது. இக்கோவைகளை நொதிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் சில நோயாளிகளின் குடலில் குன்றிவிடுகின்றன. அங்கே நொதிக்காமல் எஞ்சும் கோவைகள், நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டி அழற்சியை வளர்க்கின்றன. ஆரோக்கியமான குடலில் உணவாகும் பொருள், நோயுற்ற சில குடல்களில் நெருப்பிற்கு எண்ணெயாகிறது.

மூன்றாவது, செங்கடற்பாசிகளினின்று எடுக்கும் கராஜினன். ஐஸ்கிரீம் முதலிய உணவுகளைக் கெட்டியாக்க இதனைச் சேர்க்கின்றனர். நம் மன்னார் வளைகுடாக் கரையிலும் இதற்கான பாசி வளர்க்கப்படுகிறது. சிதைத்துச் சிறு துண்டுகளாக்கிய கராஜினன் கினிப்பன்றிகளின் பெருங்குடலில் புண் உண்டாக்குவதை 1969-இலேயே இங்கிலாந்தில் மார்க்கஸ், வாட் ஆகிய இருவர் கண்டனர். உணவில் சேர்ப்பது சிதைக்காத வகை. அது வேறு என்பது தொழில் துறையினரின் மறுமொழி. ஆனால் 2017-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், நோய் தணிந்திருந்த 12 பேருக்கு உணவுக்குரிய கராஜினனோ போலியோ கொடுத்தபோது, கராஜினன் உண்டவருள் மூவருக்கு நோய் மீண்டது. போலி உண்டவர் ஒருவருக்கும் மீளவில்லை. 12 பேர் என்பது சிறு தொகை. எனினும் இதுவும் தாவர உலகத்தின் கார்போஹைட்ரேட்டுதான் என்பதை மறக்கலாகாது. இயற்கைப் பொருள் என்ற அடைமொழி எதற்கும் உத்தரவாதம் அளிப்பதில்லை.

இவற்றிற்கு எதிர்ப்புறத்தில், நார்ப்பொருளை அறவே விலக்குவதும் கேடு தரும். மனிதக் குடலின் 14 வகைப் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நாரற்ற உணவைக் கொடுத்தபோது, உண்ண வேறொன்றும் கிடைக்காத அப்பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்று மெலியச் செய்தன என 2016-இல் அறியப்பட்டது. நோய் தணிந்த பின்னும் அச்சத்தால் காய்கறி முழுவதையும் ஒதுக்கிவிட்டு, கஞ்சியும் ரொட்டியுமாக ஆண்டுகளைக் கழிக்கும் நோயாளிகளை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர்.

உண்போர் அறிய வேண்டியவை

பெருங்குடல் அழற்சி என்று மருத்துவர் உறுதி செய்து மெஸலமின் முதலிய மருந்து உண்பவர், இசப்கோல் தொடங்கியதைக் காரணமாகக் கொண்டு அம்மருந்தை நிறுத்தலாகாது. நோய் தணிந்திருக்கையில் மருந்து வீண் என்று தோன்றும். நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ இரத்தப்போக்குடன் மருத்துவமனைக்கு வருவோர் பலர். மேற்கூறிய சோதனைகளில் இசப்கோலுக்குக் கிடைத்த இடம், தணிந்த நோயைக் காப்பதில் மருந்திற்குத் துணை என்ற இடமே. சீறிய நோயை அடக்கும் வல்லமை அதற்குண்டு என எவரும் காட்டவில்லை. இரத்தமும் சீதமும் போவதைக் கண்டு, சோதனை செய்துகொள்ளாமல் இசப்கோலை மட்டும் உண்டு நாள் கடத்துவதும் ஆபத்தே. அமீபாவாயினும் காசமாயினும் புற்றாயினும் அதற்குள் முற்றிவிடும்.

கிரோன் நோயால் குடல் குறுகியவர்கள் இதனை உண்ணவே கூடாது. ஊதிய பசை குறுகிய இடத்தில் அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் தடை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். மற்றவர்களும் உமியை உலர்ந்தபடி வாயில் இட்டுக்கொள்ளாமல், ஒரு பெரிய குவளை நீரில் கலந்து உடனே பருகி, மேலும் நீர் அருந்த வேண்டும். சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவது நலம். பசை மற்ற மருந்துகளையும் பற்றிக்கொள்ளக் கூடுமாதலால், அவற்றிற்கும் இதற்கும் இடையே ஓரிரு மணி நேரம் விட வேண்டும். ஆலைகளில் உமித்தூசியைப் பல்லாண்டு சுவாசித்த தொழிலாளருக்கும், இதனைக் கலந்து கொடுத்த செவிலியருக்கும் மூச்சிரைப்பும் ஒவ்வாமையும் ஏற்பட்டதுண்டு.

உமியின் தரம்

இறுதியாக ஒன்று, ஆராய்ச்சியாளர் கவனத்திற்கு. ஆனந்தில் உருவான குஜராத் இசப்கோல்-2, இலக்னோவில் உருவான நிஹாரிகா முதலிய வகைகள் விளைச்சலையும் நோய் தாங்கும் தன்மையையும் நோக்கித் தெரிந்தெடுக்கப்பட்டவை. சந்தையில் உமியின் தரத்தை நிறத்தாலும் தூய்மையாலும் ஊதும் பருமனாலும் மதிப்பிடுகின்றனர். ஐரோப்பிய மருந்து நூல் வேண்டுவது, 1 கிராம் உமி நீரில் 40 மில்லி லிட்டருக்குக் குறையாமல் ஊத வேண்டும் என்பதே. மலச்சிக்கலுக்கு இவ்வளவுகோல் போதும். ஆனால் அழற்சிக்குப் பயன்படுவது ஊதும் ஆற்றலோ, நொதிக்கும் சிறு பகுதியோ, பித்த அமிலங்களோடு கொள்ளும் தொடர்போ என்பது தெளிவாகாத நிலையில், ஒரே பருமன் ஊதும் இரு உமிகள் குடலில் ஒரே வேலையைச் செய்யும் என்று கொள்வதற்கில்லை. ஸ்பெயினில் கொடுத்தது விதை. ஸ்வீடனில் கொடுத்தது உமி. அட்லாண்டாவின் எலிகள் உண்டது உணவில் கலந்த இசப்கோல் நார். இனிச் சோதனை நடத்துவோர், எவ்வகை விதை, எப்பகுதி, எவ்வளவு நுண்மையாக அரைத்தது, அதன் பக்கக் கிளைகளின் அமைப்பு என்ன என்பவற்றைக் குறித்து, அம்மாதிரியில் ஒரு பிடியைப் பாதுகாத்தும் வைப்பார்களாயின், ஓரிடத்து முடிவை மற்றோரிடத்து முடிவுடன் ஒப்பிட இயலும்.